ஏழு மணி ஊசி

என் நாத்தனாரை வீட்டில் எல்லோரும் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறடிக்கு இரண்டு அங்குலம்தான் குறைவு. எங்கள் வீட்டு நிலையில் தலை இடித்துவிடுமோ என்று எப்போதும் கொஞ்சம் குனிந்தே உள்ளே வருவாள். என் கணவரின் தங்கை என்பதால் முறைக்கு எனக்குச் சின்னவள். வயதில் என்னைவிட ஒன்றரை வருடம் மூத்தவள். அவள் என்னை "அண்ணி, நீங்க" என்பாள். நான் அவளைக் "குட்டி, நீ" என்பேன். இரண்டு பேருக்கும் அது சற்று இடித்துக்கொண்டேதான் இருந்தது.

இந்த ஊசிக் கதை நடந்து பதினாறு வருடம் ஆகிறது. எனக்கு அப்போது முப்பத்தைந்து. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தேன். கண்ணாடி வைத்த சின்ன அறை, ஒரு மைக், ஒரு மின்விசிறி, பக்கத்து மேஜையில் டைம்கீப்பர். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். கல்யாணமாகி ஏழு வருடம் குழந்தை இல்லை. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுப் பார்த்த பிறகு, டாக்டரம்மா ஒரு நாள் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்.

"மாத்திரைக்கு முட்டை சரியா வளரலம்மா. ஹார்மோன் ஊசிக்குப் போயிடலாம். தினம் வயித்துல ஒண்ணு. பத்துப் பன்னண்டு நாள். நேரம் மாறக்கூடாது."

"யாரு போடறது டாக்டர்?"

"நீங்களே போட்டுக்கலாம். இல்ல, வீட்டுக்காரர் போடட்டும். நர்ஸ் சொல்லிக்குடுப்பாங்க."

நர்ஸ் ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்து என் கணவருக்குப் பழக்கினார். பழத்துக்கு அவர் நன்றாகவே போட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் போகும் இருட்டுக் குழிக்குள் பெல்ட் கட்டித் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிற மனுஷர். முதல் நாள் மாலை, என் வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்து ஊசியைக் கிட்டே கொண்டு வந்தவர், அப்படியே ஃபிரிட்ஜில் முதுகு உரசச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் தண்ணீர் தெளித்தது நான். எனக்கு நானே போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தால், கை போகவே இல்லை. கடைசியில் கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரரின் மனைவியைக் கெஞ்சிக் கூட்டி வந்து அன்றைய பாட்டைத் தீர்த்தோம். அந்த அம்மா மறுநாள் ஊருக்குப் போகிறார்.

மறுநாள் வேலை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது அவர் ஷூவைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"குட்டிய வரச் சொல்லிட்டேன்" என்றார்.

"என்னைக் கேட்காமலா?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவ."

உண்மைதான். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

குட்டி கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாள். ஊசி போடுவதும் கட்டுப் போடுவதும் திமிறுகிற பிராணிகளை அமுக்கிப் பிடிப்பதும்தான் அவள் வேலை. அதற்குமுன் மூன்று வருடமாக அவள் எங்கள் வீட்டுப்படி ஏறியதில்லை. தப்பு என்னுடையது. புருஷன் சரியில்லை என்று ஒரு பெட்டியோடு கிளம்பி வந்தவளை நாங்கள்தான் வைத்துக்கொண்டோம். எங்களுடையது இரண்டே அறை உள்ள வீடு. கூடத்தில் படுத்துக்கொள்வாள். நான்காவது மாதம், போனில் என் அக்காவிடம் நான் அலுத்துக்கொண்டேன். "வந்தவ கிளம்பற மாதிரி தெரியல. ஆயுசுக்கும் இவளுக்குப் படுக்கை விரிக்கணும் போலிருக்கு." குட்டி அப்போது பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சுவர் மெல்லியது. அடுத்த நாள் காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சைக்கிள் கடை மாடியில் ஒரு அறை கிடைத்திருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டாள். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

அன்று மாலை ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தாள். செருப்பைக் கழற்றினாள். குளியலறைக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"மருந்து எங்க, அண்ணி?"

ஃபிரிட்ஜில் வெண்ணெய்க்குப் பின்னால் இருந்த பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். தாளை ஒரு முறை படித்தாள். பொடியில் தண்ணீரைக் கலந்தாள், குப்பியைக் குலுக்காமல் உள்ளங்கையில் வைத்து மெதுவாக உருட்டினாள், காற்றுக் குமிழை வெளியேற்றினாள். குத்தியதுகூட எனக்குத் தெரியவில்லை. ஊசியை மூடி ஒரு தகர டப்பாவில் போட்டாள்.

"நாளைக்கு ஏழு மணி."

டீ வேண்டாமென்றாள். போய்விட்டாள். என் கணவர் சமையலறையில் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தவர், "முடிஞ்சிடுச்சா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

மூன்று நாள் இப்படித்தான் போனது. நான்காவது நாள் ஊசி நெருங்கும்போது நான் சட்டென்று நெளிந்தேன்.

"நாய்கூட இவ்வளவு அசையாது, அண்ணி."

"நாய்க்கு வாயைக் கட்டிட்டுத்தானே போடுவ?"

குட்டி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "உங்களுக்கும் கட்டலாம். அண்ணன் சந்தோஷப்படும்."

சமையலறையிலிருந்து அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு ஆடும் என்று குட்டி அதட்டினாள், அதற்கும் சிரிப்பு வந்தது. அன்று டீ குடித்தாள்.

அதற்குப் பிறகுதான் அந்த மாலைகள் தொடங்கின. ஊசி இரண்டு நிமிடம். மீதி ஒன்றரை மணி நேரம் பேச்சு. ஆஸ்பத்திரிக் கதைகளைச் சொல்லுவாள். எஜமானியின் தோட்டை விழுங்கிவிட்ட கிளி. ஒரு பூனைக்குக் காய்ச்சல் என்று குடும்பமே திரண்டு வந்த பதினொரு பேர். தன் எருமைக்குப் போடும் ஊசி வலிக்குமா என்று தெரிந்துகொள்ள முதலில் தனக்குப் போடச் சொன்ன பால்காரர். என் கணவர் ரொட்டியைச் சுட்டு, முட்டை பொரித்து, மூன்று தட்டில் கொண்டு வருவார். மேஜை சின்னது என்பதால் மூன்று பேர் முழங்கையும் இடித்துக்கொள்ளும். அதுவரை எங்கள் வீட்டில் மாலை என்றால் அவர் செய்தித்தாள், நான் துணி மடிப்பது, அவ்வளவுதான். குழந்தை இல்லாத வீட்டில் ஏழு வருடத்தில் ஒருவித அமைதி படிந்துவிடும். அந்த அமைதியை ஊசி வந்து கலைத்தது.

வலி இல்லை என்று சொல்லமாட்டேன். வயிறு உப்பிக் கனத்தது. பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்டினேன். தலைவலி வந்தது. ஏன் என்று தெரியாமல் கோபம் வந்தது, ஏன் என்று தெரியாமல் அழுகை வந்தது. பேருந்து நிலையத்தில் தொலைந்துபோன குழந்தைகளை என் அறையில்தான் கொண்டுவந்து விடுவார்கள். மேஜைமேல் உட்காரவைத்து, சட்டை நிறத்தைச் சொல்லி அறிவிப்பேன். அத்தனை வருடத்தில் ஒரு குழந்தைக்குக்கூட என் குரல் உடைந்ததில்லை. ஊசி ஆரம்பித்து எட்டாவது நாள், ஒரு குடைக்கு அழுதேன்.

"கறுப்பு நிறக் குடை ஒன்று, கைப்பிடி சற்று உடைந்தது, இரண்டாம் நடைமேடையில்..." என்று சொல்லும்போதே, அந்த உடைந்த கைப்பிடியை நினைத்து அழுகை பீறிட்டது. பேருந்து நிலையம் முழுக்க என் விசும்பல் கேட்டது. வண்டிக்கு நின்றவர்களெல்லாம் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார்களாம். டைம்கீப்பர் ஓடிவந்து மைக்கைத் தன் பக்கம் திருப்பி, "தூசி. அறிவிப்பாளருக்குத் தூசி. குடைக்காரர் வந்து குடையை வாங்கிக்கவும்" என்றார். அன்று முழுக்க அவரே அறிவித்தார். அந்தக் குரலில் எந்த வண்டி எங்கே போகிறது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆனால் என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

மாலையில் இதைச் சொன்னபோது குட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "குடைக்காரன் வந்தானா?" என்று கேட்டாள்.

"வந்தான். குடை எனக்கு வேணாம், நீங்களே வெச்சுக்கங்கன்னுட்டான்."

பதினோராவது நாள் ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டரம்மா முட்டைகள் தயார் என்றார். அன்றைக்குக் கடைசி ஊசி. அது மட்டும் ஏழு மணிக்கு அல்ல, மிகச் சரியாக எட்டு மணிக்கு. அதிலிருந்து கணக்குப் பார்த்து, மூன்றாம் நாள் காலை எட்டுக்கு முட்டைகளை எடுத்து, வெளியிலேயே கருவாக்குவார்கள். ஐந்து நிமிடம்கூட முன்பின் ஆகக்கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

அன்று பார்த்து ஏழேகால் ஆகியும் குட்டி வரவில்லை. போன் வந்தது. "அண்ணி, ஒரு நாய்க்குப் பிரசவம் சிக்கிடுச்சு. வயித்தைத் திறந்திருக்கோம். என்னால நகர முடியாது. மருந்தை ஐஸ்ல வெச்சு எடுத்துக்கிட்டு இங்க வந்துடுங்க."

என் கணவர் ஏதோ ஒரு கட்டடத்தில் யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள் என்று போயிருந்தார். ஃபிளாஸ்கில் ஐஸ் போட்டு, மருந்தை அதில் இறக்கி, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். ஏழே முக்காலுக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் கூடையில் பூனை, மறுபக்கம் காலில் கட்டோடு ஆட்டுக்குட்டி. பூனைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களது என்னது? உள்ள இருக்கா?"

"இல்லைங்க. எனக்குத்தான் ஊசி."

அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

எட்டு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது குட்டி வெளியே வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. கையுறையை உருவிப் போட்டு, கை கழுவி, மருந்து அலமாரிகளுக்கு நடுவே என்னை நிறுத்தினாள். சுவர்க் கடிகாரத்தின் முள் பன்னிரண்டைத் தொடும்வரை ஊசியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். போட்டாள்.

"நாய் எப்படி இருக்கு?"

"தாய் பிழைச்சுடும். ஆறுல ரெண்டு போச்சு. நாலு இருக்கு." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "நீ உட்காரு. இதை முடிச்சுட்டு நான் உன்னைக் கொண்டுபோய் விடறேன்."

அவள் என்னை "நீ" என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவளே அதைக் கவனிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு "நீங்க" திரும்பி வரவே இல்லை.

ஒன்பது முட்டைகள் எடுத்தார்கள். ஆறு கருவாயின. இரண்டை உள்ளே வைத்தார்கள். கரு தங்குவதற்கென்று இன்னொரு ஊசி. இது எண்ணெய் மருந்து, தடித்த ஊசி, இடுப்பில் போட வேண்டும். தினமும் ஏழு மணிக்கு. இது நிஜமாகவே வலித்தது. போட்ட இடம் கல்லாகிவிடும். குட்டி வெந்நீர்ப் பையை வைத்து, உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே பேசுவாள். ஒரு நாள் இடது பக்கம், மறுநாள் வலது பக்கம். எந்தப் பக்கம் என்று எனக்கு மறந்துபோகும். அவளுக்கு மறந்ததே இல்லை.

பதினைந்தாவது நாள் ரத்தப் பரிசோதனையில் உண்டாகியிருக்கிறது என்று வந்தது. என் கணவர் அன்று வேலைக்குப் போன எல்லாக் கட்டடத்திலும், லிஃப்டில் ஏறி இறங்கினவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். ஏழாவது வாரம் ஸ்கேனில் துடிப்பைப் பார்த்தோம். திரையில் ஒரு பொட்டு, மினுக் மினுக்கென்று. குட்டியும் உள்ளே வந்திருந்தாள். "நல்லா ஓடுது" என்றாள், ஆஸ்பத்திரிக் குரலில்.

ஒன்பதாவது வாரம் துடிப்பு இல்லை.

அதைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. டாக்டரம்மா திரையை என் பக்கமிருந்து மெதுவாகத் திருப்பினார். உங்கள் தப்பு எதுவும் இல்லை என்றார். ஊசிகளை நிறுத்தச் சொன்னார். வீட்டுக்கு வந்து, ஃபிரிட்ஜ் பக்கம் போகாமல் இரண்டு நாள் படுத்தே கிடந்தேன். என் கணவர் என் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு அழத் தெரியாது. எழுந்து போய்க் கதவு கீலுக்கு எண்ணெய் விடுவார்.

மூன்றாம் நாள் மாலை ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது குட்டி வந்தாள். செருப்பைக் கழற்றினாள். போய்க் கை கழுவிக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஊசி இல்லையே, குட்டி" என்றேன்.

"தெரியும்."

"அப்புறம் ஏன் வந்த?"

"ஏழு மணிக்குக் கால் தானா இந்தப் பக்கம் வருது. அதை என்ன பண்ணச் சொல்ற?"

வெந்நீர்ப் பையை வைத்து என் இடுப்பைத் தேய்த்தாள். உள்ளே கட்டிகள் இன்னும் கரைந்திருக்கவில்லை. அன்றுதான் எனக்கு அடக்க முடியவில்லை. "குட்டி, அன்னைக்கு நான் போன்ல பேசினேனே, உன்னைப் பத்தி..." என்று ஆரம்பித்தேன்.

அவள் கை நின்றது. "இப்ப சொல்லாத, அண்ணி."

"இல்ல, நான்..."

"உடம்பு முழுக்க மருந்து ஓடுது. குடைக்கு அழுத ஆளு நீ. இப்ப நீ மன்னிப்புக் கேட்டா, ஹார்மோன் பேசுதுன்னுதான் நினைச்சுப்பேன். எல்லாம் வடியட்டும். அப்பவும் சொல்லணும்னு தோணினா சொல்லு."

அடுத்த ஒரு மாதம் தினமும் வந்தாள். நாங்கள் ரொட்டி சாப்பிட்டோம், டீ குடித்தோம். ஒரு சனிக்கிழமை மதியம், என் வேலை முடிந்ததும், நான் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். பின்வாசல் படியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மருந்தெல்லாம் வடிஞ்சிடுச்சு. டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்லிட்டாங்க" என்றேன். "அன்னைக்கு நான் சொன்னது ரொம்பத் தப்பு. நீ போக இடமில்லாம வந்திருந்த. எனக்கு அது தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

குட்டி ஒரு வாய் மென்று விழுங்கினாள். "ஆமா, தப்புதான்" என்றாள். "மூணு வருஷம் அந்தச் சைக்கிள் கடை மாடியில படுத்துக்கிட்டு உன்னைத் திட்டாத நாள் இல்ல. புதுசு புதுசா வார்த்தை கண்டுபிடிச்சுத் திட்டியிருக்கேன்."

"ஒண்ணு சொல்லேன்."

காதருகே வந்து ஒன்று சொன்னாள். இங்கே எழுத முடியாது. நான் சிரித்துவிட்டேன். டிபன் பாக்ஸை என் பக்கம் நகர்த்தினாள்.

அடுத்த வருடம் இன்னொரு முறை முயன்றோம். மறுபடி வெண்ணெய்க்குப் பின்னால் மருந்துப் பெட்டி, மறுபடி ஏழு மணி. இந்த முறை தங்கவே இல்லை. டாக்டரம்மா மூன்றாவது முறைக்கும் வாய்ப்பு இருக்கிறது என்றார். பேருந்தில் வரும்போது என் கணவரிடம், "போதும்னு தோணுதுங்க" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும்தான். நீ சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார்.

அதற்கு மறு வருடம் குட்டிக்கு வேறு ஊர் மாற்றலானது. பன்னிரண்டு மணி நேரப் பயணம். அவள் வண்டியை நான்தான் அறிவிக்க வேண்டியிருந்தது. ஐந்தாம் நடைமேடை, பதினொன்று நாற்பது. குரல் நன்றாகத்தான் வந்தது. டைம்கீப்பர் மட்டும் முன்னெச்சரிக்கையாக மைக் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். கண்ணாடிக்கு அந்தப்புறம் அவள் குனிந்து வண்டியில் ஏறுவதைப் பார்த்தேன். வண்டி போனது. அடுத்த வண்டியைச் சொன்னேன்.

அந்த ஊரில், விவாகரத்து கிடைத்த பிறகு, பெண்டாட்டியை இழந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள். அவருக்கு முதல் தாரத்துப் பிள்ளைகள் இரண்டு பேர். இப்போது இருவருக்கும் மீசை முளைத்துவிட்டது. விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால் ஃபிரிட்ஜைக் காலி செய்துவிட்டுத்தான் போவார்கள். குழந்தை இல்லாத வருத்தம் போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. அது வீட்டில் ஓர் ஓரமாக இருக்கிறது, எங்களோடு அதற்கும் வயதாகிறது. ஆனால் அந்த இரண்டு வருடத்தைத் திரும்பிப் பார்க்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வலி இல்லை. குப்பியை உள்ளங்கையில் உருட்டுகிற நீளமான விரல்கள், சமையலறையில் ரொட்டி தீய்கிற வாசனை, மூன்று பேருக்குப் போதாத அந்த மேஜை. அந்த நாட்களுக்காக ஏங்குவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குட்டி போன் செய்வாள். போன வாரம் ஒரு ஆமையைப் பற்றிச் சொன்னாள். எழுபது வயதாம். இரண்டு மாதமாகச் சாப்பிடவில்லையாம். வீட்டுக்காரர் அதைத் தோளில் துண்டு போட்டுக் குழந்தைபோலத் தூக்கிக்கொண்டு வந்தாராம். ஊசி போடலாம் என்று பார்த்தால் அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டு வெளியே வரவே மாட்டேன் என்கிறதாம்.

"அப்புறம் என்ன பண்ணின?" என்றேன்.

"இரு, மொதல்லேர்ந்து சொல்றேன்" என்றாள்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.